கிழட்டுத் துவக்குக்குப் பாதி மருந்து

எந்தத் துவக்குக்கு எந்தத் தோட்டா சரிவரும் என்று என்னை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், பேர்லினில் படப்பிடிப்புகளுக்குப் பழைய துவக்குகளை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு பட்டறையில் நான் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு பொம்பிளை, நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, உலகப் போர்க்காலத்து இயந்திரத் துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றி மேசையில் பரப்பிவிட்டு நிற்பதைப் பார்த்து வாய் பிளக்காத ஜெர்மன்காரர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

எங்கள் ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? எங்கள் சனம் கூடுதலாக இருக்கிற நொய்கெல்ன் பகுதியில் மரக்கறி வாங்கப் போனால் கடைக்காரத் தம்பி காசுமேசைக்குப் பின்னால் இருந்தபடியே குரல் கொடுப்பார்.

"என்ன அக்கா, இண்டைக்கு எத்தினை பேரைச் சுட்டனீங்கள்?"

"உமக்கெண்டு ஒண்டு மிச்சம் வைச்சிருக்கிறன். முதல்ல முருங்கைக்காயை ஒழுங்கா நிறும்."

வதிவிட அனுமதி கிடைத்த பிறகு நான் உலோக வேலையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்திருந்தேன். இந்தப் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனபோது முதலாளி, நாங்கள் ஷெஃப் என்று கூப்பிடுகிற பெரிய உடம்புக்காரர், துவக்கைக் கண்டால் பயமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் துவக்கைக் காணாத நாள் ஒன்றைக் காட்டும் பார்ப்போம் என்று திருப்பிக் கேட்டேன். என்னுடைய அந்த வாய் அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமையே வரச் சொன்னார்.

படத்தில் வெடிக்கும் துவக்குக்குள் போவது வெற்றுத் தோட்டா. பித்தளைக் கோதுக்குள் வெடிமருந்து இருக்கும், முன்னால் குண்டு இருக்காது. வாயைக் கச்சான் கடலைச் சுருளை மடிப்பதுபோல மடித்து நசுக்கி விட்டிருப்பார்கள். குண்டுதான் இல்லையே, பிறகென்ன பயம் என்று கேட்கிறவர்களை நான் பட்டறை வாசலிலேயே மறித்து விடுவேன். குண்டு இல்லாவிட்டாலும் நெருப்பு வரும், சுடுகாற்று வரும், எரியாத மருந்துத் துகள் மணல்போலப் பறந்து வரும். முகத்துக்குக் கிட்ட என்றால் கண் போகும். அடைத்த மண்டபத்துக்குள் என்றால் காது போகும். ஆகவே எவ்வளவு மருந்து என்பதுதான் எங்கள் தொழிலின் முழுக் கேள்வியும். முழு மருந்து, பாதி மருந்து, கால் மருந்து என்று மூன்று பெட்டிகள் அலமாரியில் இருக்கும்.

பெட்டியைப் பார்த்து எடுத்துப் போட்டுவிட ஏலாது. பழைய துவக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். வெடிக்கிற உதையால்தான் உள்ளே கிடக்கிற இரும்புக் கட்டை பின்னால் ஓடும்; வெறுங்கோதை வெளியே துப்பும்; திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை இழுத்துக்கொள்ளும். மருந்து குறைந்தால் கட்டை முழுதாகப் போகாது, கோது பாதியில் இறுகி நின்றுவிடும். மருந்து கூடினால் துவக்கு தன்னைத்தானே அடித்து நொறுக்கிக்கொள்ளும். தோட்டாவின் நீளம் ஒரு மயிரிழை குறைந்தாலும் போதும், மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். சுட்டுப் பார்க்க வேண்டும், கோது எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும், அதை எடுத்துக் கறுத்த பக்கம் எது என்று பார்க்க வேண்டும். நடிகரின் முகம் வரப்போகிற இடத்தில் கேக் சுடுகிற தாளை ஒரு கயிற்றில் தொங்கவிடுவேன். அதில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் அந்தத் தோட்டா அந்தக் காட்சிக்கு ஆகாது.

அந்தமுறை வந்தது ஒரு தொலைக்காட்சிப் படம். போரில் பிடிபட்டு ஜெர்மனியில் ஒரு முகாமில் அடைபட்டுக் கிடந்த இந்தியச் சிப்பாய்களின் கதை. காவல்காரன் ஒருவன் தோள்கட்டை மடிந்துகொள்ளும் சின்ன இயந்திரத் துப்பாக்கியால், நாற்பதுகளில் ஜெர்மன் படை பாவித்ததுதான், கூரையைப் பார்த்துச் சடசடவென்று சுட வேண்டும். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் கைதிகள் கலைய வேண்டும். எங்களிடம் அந்தத் துவக்கு இரண்டு இருந்தது. இரண்டும் அசல், குண்டு போகவே முடியாதபடி குழலைச் சட்டப்படி அடைத்து வைத்தவை. ஒன்று புதுச் சுருள்வில் போட்டது, கம்பீரமானது. முழு மருந்து கொடுத்தால்தான் ஓடும், பாதி கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மற்றது கிழடு. வில் தளர்ந்து, உடம்பெல்லாம் சிராய்ப்பு. பாதி மருந்திலேயே சந்தோசமாக ஓடும், ஆனால் நெருப்பும் சின்னன், சத்தமும் சின்னன். நான் பட்டறையில் ஒரு பின்னேரம் முழுவதும் சுட்டுப் பார்த்துவிட்டு, கம்பீரமானதுக்கு முழு மருந்து என்று முடிவு சொன்னேன். கிழட்டைக் கையிருப்பாகக் கொண்டு போனோம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டாவைத் தெரிவு செய்தவர்தான் படப்பிடிப்பு முடியும்வரை தோட்டாப் பெட்டியின் சாவியைக் கழுத்தில் போட்டிருக்க வேண்டும். அவரைத் தவிர வேறொருவரும் துவக்கை நிரப்பக்கூடாது, ஷெஃப்கூட. ஷெஃபுக்குத் தெரிவு பிழை என்று பட்டால் எல்லார் முன்னாலும் கையை நீட்டிச் சாவியைக் கேட்க வேண்டும். அப்போது பொறுப்பும் அவருடையதாகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து என்னிடம் அவர் கையை நீட்டியதே இல்லை.

படப்பிடிப்பு பேர்லினுக்கு வெளியே, கைவிடப்பட்ட ஒரு செங்கல் தொழிற்சாலையில். கைதிகளாக நிற்கத் தவிட்டு நிற முகங்கள் வேண்டும் என்று நொய்கெல்ன் முழுவதையும் சல்லடை போட்டு அரித்திருந்தார்கள். சாப்பாட்டுக்கடையில் வேலை செய்கிறவர்கள், துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் என்று எங்கள் சனம் ஒரு பஸ் நிறைய. அதோடு கணினி வேலைக்குத் தமிழ்நாட்டில் இருந்து வந்த பெடியள் கொஞ்சப் பேர். எல்லாருக்கும் பழைய சிப்பாய் உடுப்பைப் போட்டுத் தகரக் கோப்பையைக் கையில் கொடுத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல ஒரே பகிடியும் சிரிப்பும்.

காலையில் துவக்கு ஓடுகிறதா என்று பார்க்க வெளி முற்றத்தில் நான் ஒரு சுற்றுச் சுட்டேன். சுடப்போகிறேன் என்று ஜெர்மனில் மூன்று தரம் கத்தினேன், வழக்கப்படி. யார் கேட்டது? சடசடவென்று சத்தம் எழுந்த அதே நொடியில் எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் அத்தனையும் நிலத்தில். கோப்பைகள் ஒருபக்கம், தொப்பிகள் ஒருபக்கம், ஆட்கள் குப்புறப் படுத்துத் தலைக்கு மேல் கை. தமிழ்நாட்டுப் பெடியள் மட்டும் நட்டு வைத்ததுபோல நின்றார்கள்.

"செம சவுண்டுங்க! ரியலா இருக்கு!" என்றான் ஒருவன்.

நிலத்தில் கிடந்த ஒருவர் தலையைத் தூக்கினார். "தம்பி, நீர் இஞ்ச வந்து படுத்துக் கிடந்து கேளும். இன்னும் ரியலா இருக்கும்."

எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அவர்களை நினைக்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இயக்குநர், கழுத்தில் சால்வை சுற்றிய இளம் ஆள், ஓடி வந்தார். "இந்த முகம்தான் வேண்டும்! உள்ளேயும் இதே சத்தம், இதே முகம்!" என்று கையைத் தட்டினார். அவருக்கு அது நல்ல நடிப்பு.

மண்டபத்துக்குள் போவதற்கு முன் எல்லாருக்கும் காதடைப்பான் கொடுத்துக்கொண்டு வந்தேன். தோல் நிறத்தில் சின்னப் பஞ்சுக் குச்சி, காதுக்குள் திணித்தால் கமராவுக்குத் தெரியாது. வரிசையின் முன்னுக்கு நின்றவர் எங்கள் மிருதங்க அண்ணை. பகலில் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக்கடையில் பீட்சா போடுவார். ஆனால் பேர்லினில் அரங்கேற்றம் என்றாலும் எசன் நகரத்தில் அரங்கேற்றம் என்றாலும் மிருதங்கம் அவர்தான். அவர் கை விழுந்தால்தான் பிள்ளையின் கால் எழும்பும் என்று தாய்மார் சொல்லுவார்கள். பெரிய மீசை, நிமிர்ந்த முதுகு. அந்த முகத்தைக் கண்டதும் இயக்குநர் வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். முதல் நாள் எடுத்த காட்சிகளிலும் அவர்தான் முன்னால், இனி இடம் மாற்ற ஏலாது. காவல்காரனாக நடிப்பவர் அவருடைய வலது பக்கத்தில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று சுட வேண்டும்.

அண்ணை இடது காதுக்கு மட்டும் அடைப்பானை வைத்துவிட்டு மற்றதைச் சட்டைப்பையில் போட்டார். நான் அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தேன்.

"அண்ணை, மற்றக் காதுக்கும் வையுங்கோ."

அவர் திரும்பவில்லை.

"அண்ணை! உங்களுக்குத்தான் சொல்லுறன்!"

கமராக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அண்ணை அசையவில்லை. நான் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்ததும், "ஓ, தங்கச்சி!" என்று முகம் மலரச் சிரித்தார். எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய முழங்கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணை, உங்களுக்கு இடது காது கேளாதோ?"

அவருடைய முகம் விழுந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். "மெல்லக் கதையுங்கோ. ஊரில ஷெல் விழுந்த அண்டைக்குப் போனது. மனிசியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. வலது காது ஒண்டை வைச்சுக்கொண்டுதான் இவ்வளவு காலமும் வாசிக்கிறன்."

"வலது காதுக்கு டொக்டர் என்ன சொன்னவர்?"

"பெருஞ்சத்தம் கூடாதாம். இதுவும் போனா ஒண்டும் செய்ய ஏலாதாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கென்ன விசரே அண்ணை? பேந்து ஏன் இஞ்ச வந்தனீங்கள்?"

"எல்லாரும் போறம் வாங்கோ எண்டு இழுத்துக்கொண்டு வந்திட்டாங்கள். கரையில நிண்டிட்டுப் போறது எண்டெல்லோ நினைச்சனான். துவக்கு வெடிக்குமெண்டு ஆர் கண்டது?"

"அப்ப இப்பவே வீட்ட போங்கோ. நான் சொல்லிக்கொள்ளுறன்."

"ஏன் போறன் எண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுறது? அங்க பாட்டுக்காரத் தம்பி நிக்கிறார். செவிட்டு மிருதங்கக்காரனை ஆர் மேடையில ஏத்துவினம்? தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. கையெடுத்துக் கும்பிடுறன்."

பாட்டுக்காரத் தம்பி என்றது, அரங்கேற்றங்களில் அவரோடு பாடுகிற இளைஞரை. வரிசையில் ஐந்தாறு பேருக்குப் பின்னால் நின்று கோப்பையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். நான் அடைப்பானை வலது காதுக்கும் வைக்கச் சொன்னேன். வைத்தால் தனக்கு உலகமே கேளாது, பக்கத்தில் நிற்கிறவர் குசுகுசுக்கிற வசனத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார் என்றார். அடைப்பானை நம்பியும் நான் விடமாட்டேன். நாலு பக்கமும் செங்கல், மேலே தகரம், அதற்குள் கையெட்டும் தூரத்தில் முழு மருந்து. இரண்டு நல்ல காது உள்ளவர்களுக்கு அடைப்பான் போதும். ஒரே ஒரு காதை வைத்துப் பிழைக்கிற மனிதருக்குப் போதாது.

சரி, கும்பிட வேண்டாம், சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். எல்லாரும் வெளியே சாப்பிட, நான் மண்டபத்துக்குள் கிழட்டுத் துவக்கோடு. பாதி மருந்துத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து நிரப்பினேன். தோட்டாக் கூட்டை முழுதாக நிரப்பவில்லை. நிரம்பினால் கிழடு மூச்சு வாங்கும். அண்ணை நிற்கப்போகிற இடத்தில் தாளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் சத்தம் அளக்கிற கருவியை வைத்தேன். சுட்டேன். கோதுகள் ஒழுங்காக வலப்பக்கம் பாய்ந்து விழுந்தன. ஒன்றுகூட இறுகவில்லை. தாளில் ஒரு புள்ளி இல்லை. கருவியின் முள், நான் போகக்கூடாது என்று நினைத்த இடத்துக்குக் கிட்டவும் போகவில்லை. இன்னொரு தரம் சுட்டேன். அதே மாதிரி. கிழடே, நீதான் ராசா என்று குழலைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அப்போது இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

இயக்குநர் கதவடியில் நின்று கேட்டுவிட்டார்.

"என்ன இது, சோளம் பொரிக்கிறீர்களா? காலையில் கேட்ட சத்தம் எங்கே?"

"இந்த மண்டபத்துக்கு இதுதான் சரி. சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்."

"சத்தத்தைச் சேர்க்கலாம். முகத்தை எப்படிச் சேர்ப்பது? இந்தச் சத்தத்துக்கு யார் பயப்படுவார்கள்? நெருப்பையும் கணினியில் போடச் சொல்லாதீர்கள், அதற்கு வசதியில்லை."

ஷெஃப் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "போன கிழமை முழு மருந்து என்று நீதானே சொன்னாய்? இந்த மண்டபத்தின் அளவும் உனக்குத் தெரியும். எல்லாருக்கும் காதடைப்பான் இருக்கிறது. என்ன மாறியது?"

"என் முடிவு மாறியது."

"ஏன்?"

நான் குனிந்து வெறுங்கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். சாப்பாடு முடிந்து எல்லாரும் உள்ளே வந்து வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். ஷெஃப் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"காலையில் உங்கள் ஆட்கள் நிலத்தில் விழுந்ததைப் பார்த்தேன். உனக்கும் ஊர் ஞாபகம் வந்திருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீ வெளியே போய்க் காற்று வாங்கு. நான் பார்த்துக்கொள்கிறேன்."

கோதாரி! அவர் ஏசியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். எனக்குப் பயமா? துவக்குச் சத்தத்துக்கு எனக்குக் கை நடுங்குகிறதா? இத்தனை வருடமும் அவருடைய பட்டறையில் எந்த ஆம்பிளையும் தொடப் பயந்த துவக்கைக்கூட நான்தானே தூக்கினேன். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், என் பெயர் மீண்டுவிடும். அதோ நிற்கிற மனிதருக்கு ஒரு காதுதான் என்று விரலை நீட்டினால் முடிந்தது. அண்ணையைப் பார்த்தேன். அவர் தகரக் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஷெஃப் கையை நீட்டினார். எல்லார் முன்னாலும்.

"சாவி."

"தர மாட்டேன்."

"வழக்கம் தெரியும்தானே? பொறுப்பு என்னுடையது. சாவியைக் கொடு."

"தெரியும். தர மாட்டேன்."

இயக்குநர் வெளிச்சம் போகிறது, நேரம் போகிறது என்று முணுமுணுத்தார். ஷெஃபின் கை நீட்டியபடியே இருந்தது. இந்த வேலை இன்றோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. முடிந்தால் முடியட்டும் என்று கழுத்துச் சங்கிலியை இறுக்கிப் பிடித்தேன்.

அப்போதுதான் அண்ணை வரிசையை விட்டு வெளியே வந்தார். கோப்பையைக் கவனமாக நிலத்தில் வைத்தார். பீட்சாக் கடையில் பழகிய ஜெர்மனில், சொல்லுக்குச் சொல் நின்று நின்று சொன்னார்.

"மன்னிக்கவும். இந்தப் பெண் சரி. என் இடது காது கபுட், பழுது. வலது மட்டும்தான் இருக்கிறது. நான் மிருதங்கம் வாசிக்கிறேன். பெரிய சத்தம் வேண்டாம்."

சொல்லிவிட்டு எங்கள் சனத்தின் பக்கம் திரும்பினார். யாரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை. தானாகவே திரும்பினார்.

"எனக்கு இடது காது கேளாது. ஷெல் விழுந்த நாளில இருந்து கேளாது. உங்களுக்கு மறைச்சுப் போட்டன். இந்தப் பிள்ளை எனக்காகப் பேச்சு வாங்குது, அதாலதான் சொல்லுறன்."

எல்லார் முகமும் நிலத்தில். பாட்டுக்காரத் தம்பி தன் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்து நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அழுதால் ஷெஃப் நினைத்தது சரியாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

ஷெஃப் கையை இறக்கினார். "இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"அது என் காது இல்லையே," என்றேன்.

அவர் இயக்குநரிடம் திரும்பி, "பாதி மருந்து. இல்லாவிட்டால் துவக்குகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் போகிறோம்," என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஷெஃபுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தோட்டாப் பெட்டியைத் தானே தூக்கிவந்து என் காலடியில் வைத்தார், அவ்வளவுதான்.

கிழடு அன்று ஒரு தரமும் சிக்கவில்லை. சின்னச் சத்தம்தான், சின்ன நெருப்புத்தான். ஆனால் வரிசையில் நின்ற முகங்கள் எல்லாம் வெளிறிப்போய், என்ன செய்வது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தன. இயக்குநருக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் கையைத் தட்டினார். இதைவிட நல்ல முகம் கிடைக்காது என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலையில் கல்யாண வீடுபோல வந்த சனம், பிரேத ஊர்வலம்போலப் போனது. அண்ணை முன் ஆசனத்தில் தனியே இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பக்கத்து ஆசனம் காலி. நான் போய் இருந்தேன். என்னோடும் அவர் கதைக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு வாசித்த மனிதர், அவருக்கு ஒரு ஆறுதல் சொல்லு சொல்ல இவர்களுக்கு வாய் வராதா?

நொய்கெல்னில் இறங்கியதும் பாட்டுக்காரத் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து மறித்தேன்.

"கொஞ்சம் நில்லும். காது கேளாதெண்டு தெரிஞ்சு போச்சு, இனி அவரை விட்டிட்டு வேற ஆளைப் பிடிக்கப் போறியளோ? அப்பிடி ஏதும் நடந்தா நான் சும்மா இருக்க மாட்டன், சொல்லிப் போட்டன்."

"அக்கா, கத்தாதேங்கோ." அவர் அண்ணை போன திசையை எட்டிப் பார்த்தார். "எங்களுக்கு முதலே தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவருக்கு இடது காது கேளாதெண்டு. எனக்குத் தெரியும், நடன ரீச்சருக்குத் தெரியும், வயலின் அக்காவுக்குத் தெரியும். எசன் சனத்துக்கும் தெரியும். எப்பவோ இருந்து தெரியும். எந்த மேடையெண்டாலும் அவரை ஒரு கரையில இருத்திப் போட்டு நாங்கள் எல்லாரும் அவரின்ரை வலது பக்கம் வந்திருப்பம். ரீச்சர் தாளம் தட்டுறதும் அந்தப் பக்கம்தான். மண்டபக்காரருக்கு முதலே சொல்லி, எதிரொலி வராமல் விரிப்புப் போடுவிப்பம்."

நான் அவருடைய சட்டைக் கையை விட்டேன்.

"அப்ப ஏன் தம்பி அவருக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"எங்களுக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சா அவர் வாசிக்கிறதை விட்டிடுவார் எண்டு பயம், அக்கா. இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லிப் போட்டார். தெரியும் எண்டு சொன்னா அவருக்கு அவமானம். தெரியாதெண்டு நடிக்க எங்களுக்கு அங்க வைச்சு வரேல்லை. அதுதான் பேசாமல் வந்தனாங்கள்."

நான் பஸ் தரிப்பிடத்து வாங்கில் பொத்தென்று இருந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் ஓடியது. உலகத்திலேயே நான் ஒருத்திதான் அந்த மனிதருடைய ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சாவியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னுடைய வீரம் இருக்கிறதே! "போங்கோடா பெடியள்," என்று மட்டும்தான் அவரிடம் சொல்ல முடிந்தது.

அந்தக் கிழமையே அண்ணை தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை பின்னேரம் ஒரு அரங்கேற்றத்துக்கு ஒத்திகை இருக்கிறதாம். "வரச் சொல்லித்தான் இருக்கினம். ஆனா தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு. நீங்களும் வாறீங்களோ, தங்கச்சி?"

ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஒத்திகை. நாங்கள் போனபோது எல்லாரும் விரிப்பில் இருந்தார்கள். அண்ணை மிருதங்கப் பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"கேள்விப்பட்டிருப்பியள். எனக்கு இடது காது கேளாது. வேற ஆளைப் பாக்கிறதெண்டா இப்பவே சொல்லிப் போடுங்கோ. நான் குறை நினைக்க மாட்டன்."

நடன ரீச்சர் நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ அண்ணை! எங்களுக்கு இவ்வளவு காலமும் தெரியாமல் போச்சே!"

"மெய்யாத்தானோ?" என்றார் வயலின் அக்கா, கண்ணை இவ்வளவு பெரிதாக விரித்து.

"நம்பவே ஏலாமல் கிடக்கு," என்று பாட்டுக்காரத் தம்பி தலையில் கை வைத்தார்.

படப்பிடிப்பில் இப்படி நடித்திருந்தால் மூன்று பேரையும் கலைத்து விட்டிருப்பார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அண்ணை நம்பினார். அவருடைய தோள் இறங்குவதை நான் பார்த்தேன். "ஒரு காதோடயோ அண்ணை இப்பிடி வாசிச்சனீங்கள்? வேற ஆளோ? உங்களுக்கென்ன விசரே, வந்து இருங்கோ," என்று ரீச்சர் அதட்டினார். அது மட்டும் நடிப்பில்லை.

அண்ணை உள்ளே வந்தார். மிருதங்கத்தைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். கரையில், தன் வழக்கமான இடத்தில் இருந்துகொண்டு எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார். அவர் அப்படி அதிகாரமாகக் கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அப்ப இனி ஒரு ஒழுங்கு வேணும். நான் இந்தக் கரையில இருக்கிறன். தம்பி, நீர் என்ரை வலது பக்கம் வந்திரும். ரீச்சரும் அந்தப் பக்கம் வந்தா நல்லம்."

தம்பி ஏற்கெனவே அவருடைய வலது பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழும்பினார். தன்னுடைய விரிப்பைச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, எல்லாரையும் சுற்றி மெதுவாக நடந்து வந்து, அதே இடத்தில் விரித்து இருந்தார். ரீச்சரும் எழும்பித் தாளக்கட்டையைத் தூக்கித் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"இப்பிடியோ அண்ணை?"

அண்ணை தலையைச் சரித்து, தம்பி சுருதி பிடிப்பதைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஓம்," என்றார். "இப்பத்தான் வடிவாக் கேக்குது."